பர்சனல் பிராண்டிங்: கையேட்டுக்கு ஒரு சொல் தேவை

ச.தே., திண்டுக்கல்:

சொல்லாக்கக் குழுமத்தாருக்கு வணக்கம். எங்கள் கல்லூரி இறுதியாண்டு மாணவர்களுக்கான வேலைவாய்ப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. லிங்க்டுஇன் பற்றிய அலகு என் பொறுப்பு. புரொஃபைலுக்குத் 'தன்விவரம்', கனெக்‌ஷனுக்குத் 'தொடர்பு' என்று போட்டுவிட்டேன். அலகின் தலைப்பில்தான் நிற்கிறேன்: பர்சனல் பிராண்டிங், அதாவது தன் திறனையும் வேலையையும் பிறர் அறியும்படி தானே எடுத்துக்காட்டுவது. 'தனிநபர் வணிகக்குறியிடல்' என்று வகுப்பில் படித்துக் காட்டினேன், ஒருவருக்கும் ஏறவில்லை.

ஒரு மாணவி தன் லிங்க்டுஇன் பக்கத்தில் பெயருக்குக் கீழே வரும் தலைப்புவரியில் 'இறுதியாண்டு இயற்பியல், வேலை தேடுகிறேன்' என்று மட்டும் எழுதியிருந்தாள். விசாரித்தால், நிலக்கோட்டைப் பூச்சந்தையில் அப்பா வைத்திருக்கும் கமிஷன் கடைக் கணக்கை எக்செல்லில் ஏற்றி, எந்த முகூர்த்தத்துக்கு மல்லி என்ன விலைக்குப் போனது என்று வரைபடமே போட்டு வைத்திருக்கிறாள். "அதையெல்லாம் எழுதினா பீத்திக்கிற மாதிரி இருக்காதா மேடம்?" என்கிறாள். அந்தத் தயக்கத்தைப் போக்குகிற சொல்லாக வேண்டும்.

இரா.கு., மதுரை:

அம்மா, அந்தப் பிள்ளைக்கு விடை நன்னூலின் முன்னுரையான பாயிரத்திலேயே இருக்கிறது. 'தான்தற் புகழ்தல் தகுதி யன்றே' என்றதோடு பவணந்தியார் நிறுத்தவில்லை. அடுத்த நூற்பாவிலேயே நான்கு விலக்குத் தருகிறார்: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, 'தன்னுடைய ஆற்றல் உணரார் இடையினும்', அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிரி தன்னைப் பழித்தபோது. இந்த இடங்களில் 'தன்னைப் புகழ்தலும் தகும் புலவோற்கே'. வேலைக்கு ஆள் தேடும் நிறுவனத்தார் அந்தப் பெண்ணின் ஆற்றலை உணராதவர்தாமே? இரண்டாம் விலக்கு அவளுக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. 'தற்பாயிரம்' என்று வையுங்கள்.

மீ.ல., தஞ்சாவூர்:

ஐயா, மேற்கோள் அருமை, சொல் பொருந்தாது. நூலையும் அதன் ஆசிரியரையும் அறிமுகப்படுத்தும் சிறப்புப் பாயிரம் பிறர் சொல்வது. தன் ஆசிரியன், தன்னொடு கற்றோன், தன் மாணாக்கன், தகும் உரைகாரன் என்று சொல்லத்தக்கவர் நால்வரையும் அதே நன்னூல் வரையறுக்கிறது. லிங்க்டுஇன்னில் மேலாளரும் உடன் பணிபுரிந்தவரும் எழுதித் தரும் ரெகமண்டேஷன் அச்சு அசலாக இதுதான். அதற்குப் பாயிரத்தின் இன்னொரு பெயரான 'அணிந்துரை'யை வைக்கலாம். 'பரிந்துரை' என்றால் சிபாரிசுக் கடித வாடை அடிக்கிறது.

செ.மு., கோவை:

அணிந்துரைக்கு என் ஆதரவு. ஆனால் கேட்ட சொல் அதுவன்று. மூலத்துக்குப் போவோம். பிராண்ட் என்பதன் வேர்ப்பொருள் எரிதல், கொள்ளி. மாட்டுத் தோலில் சூட்டுக்கோலால் இட்ட குறி பின்னர் சரக்கின் குறியானது. தமிழில் இந்த இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது: பொறி. தீப்பொறியும் பொறிதான், சோழனின் புலிப்பொறியும் பொறிதான். ஐம்பொறி, எந்திரப்பொறி, 'பொறியின்மை யார்க்கும் பழியன்று' என்று குறள் சொல்லும் ஊழாகிய பொறி, திருமகளைக் குறிக்கும் பொறி என்று இதன் கிளைகள் விரிகின்றன. பொரிதல், பொறித்தல், பொற்பு மூன்றும் ஒரே அடியிலிருந்து கிளைத்தவை என்று எனக்கு நெடுநாளாக உறுதியான எண்ணம், தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். என் யோசனை: 'தன்பொறி'. தூய தமிழ், கடன் வாங்க வேண்டியதில்லை.

வ.சி., யாழ்ப்பாணம்:

எலிப்பொறியும் பொறிதானே ஐயா. என்னுடைய மாணவர்களிடம் தன்பொறி என்றால் பொறிக்குள் அகப்பட்ட ஆளைத்தான் நினைப்பார்கள். எங்கள் பக்கம் சீவிக்கு (பயோடேட்டாவுக்கு) 'சுயவிபரக்கோவை' என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். அதையொட்டி எளிதாக ஏதாவது பாருங்கள். (விபரம் பிழை, விவரமே சரி என்று யாரும் எழுத வேண்டாம். அந்த வழக்கை இந்தக் குழுமத்தில் முன்னரே போதுமளவு பேசியாயிற்று.)

மீ.ல., தஞ்சாவூர்:

பொறி வேண்டாம் என்பதற்கு இன்னும் கனமான காரணம் இருக்கிறது. சோழர் காலத்தில் கோயிலுக்கு உரியவர் என்று காட்டப் பெண்களுக்குச் சூலப்பொறி இட்ட செய்தி கல்வெட்டில் வருகிறது. மனிதர் உடம்பில் விழுந்த பொறி, அவர் இன்னொருவரின் உடைமை என்பதற்கான குறி. 1997இல் டாம் பீட்டர்ஸ் 'நீயே ஒரு பிராண்ட்' என்ற கருத்தை ஃபாஸ்ட் கம்பெனி இதழில் எழுதிப் பரப்பினார். அப்போது லிங்க்டுஇன் கூடக் கிடையாது, அது 2003இல் வந்தது. ஆளைச் சரக்காகப் பார்க்கும் அந்தப் பார்வையையும் சேர்த்து நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? 'தொழில் அடையாளம்' என்று வையுங்கள்.

த.அ., சென்னை:

எல்லாருக்கும் வணக்கம். நான் மென்பொருள்காரன், சொல்லாக்கம் தெரியாது. கையேட்டில் ஒன்று சேர்த்தால் நல்லது. தலைப்புவரிக்கு 220 எழுத்து வரம்பு. ஆனால் யூனிகோடில் 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்து குறியீடு, மேல்விலங்கும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. ஆங்கிலத்தில் எழுதும் நீளத்துக்குத் தமிழில் எழுத முடியாது. கைபேசியில் வரி பாதியில் வெட்டுப்படும், அதனால் முக்கியமானது முதலில் வர வேண்டும். இன்னொன்று: ஆள் எடுப்பவர்கள் ஆங்கிலத் திறன்பெயரை இட்டுத்தான் தேடுகிறார்கள். தமிழில் மட்டும் எழுதினால் தேடலில் சிக்காது. அந்தப் பெண் பூ விலை வரைபடத்தை ஒரு பதிவாகவும் போடட்டும். திறன் பட்டியலைவிடச் செய்துகாட்டிய வேலை பேசும்.

இரா.கு., மதுரை:

தம்பி சொன்னதில் எனக்கு ஒரு கேள்வி. மெய்யின் புள்ளியைத் தனியாக எண்ணுவது தொல்காப்பியருக்கு உடன்பாடாகுமா? 'மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்' என்கிறார்...

ச.தே., திண்டுக்கல்:

ஐயா, பொறுத்தருள வேண்டும், புள்ளிக்குத் தனி இழை தொடங்குங்கள். எனக்கு வெள்ளி நெருங்குகிறது.

இதுவரை வந்த சொற்களை வகுப்பில் பலகையில் எழுதினேன். பொறிக்கு இன்ஜினா என்றார்கள். அடையாளத்துக்கு ஆதார் அட்டையா என்றார்கள். ஒரு மாணவன் எழுந்து, "பேப்பர்ல 'தனி முத்திரை பதித்தார்'னு போடுவாங்களே, அதுவா மேடம்?" என்றான். வகுப்பே ஆமாம் என்றது. 'தன்முத்திரை' என்று போடலாமா?

செ.மு., கோவை:

முத்திரை வடசொல். இலச்சினையும் அப்படியே. இரண்டையும் விலக்கினால் மிஞ்சுவது பொறிதான்.

மீ.ல., தஞ்சாவூர்:

வடசொல் என்பது எனக்குத் தடையில்லை. 'முத்திரை குத்துதல்' என்ற வழக்குத்தான் தடை. ஒருவரைப் பற்றித் தீர விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வதற்கு அந்தப் பேர்.

வ.சி., யாழ்ப்பாணம்:

குத்துவது பிறர், பதிப்பது தான். வினை மாறினால் பொருளும் மாறுகிறது. 'தன்' என்ற முன்னொட்டும் அதைக் காக்கிறது. நான் தன்முத்திரைக்குச் சம்மதம்.

த.அ., சென்னை:

நானும்.

ச.தே., திண்டுக்கல்:

நன்றி. தலைப்பு 'தன்முத்திரை', முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'பர்சனல் பிராண்டிங்' வரும். ரெகமண்டேஷனுக்கு அணிந்துரை. மாணவி தலைப்புவரியைத் திருத்திவிட்டாள், 'டேட்டா அனலிசிஸ், எக்செல்' என்று ஆங்கிலத்தில் தொடங்கிப் பூச்சந்தை விலை ஆய்வில் முடிகிறது. மதுரை ஐயாவின் நன்னூல் விலக்கை அலகின் தொடக்கத்தில் பெட்டிச் செய்தியாக வைத்திருக்கிறேன். மெய்ப்புத் திருத்துபவர் கேட்கிறார்: தன்முத்திரையா, தன் முத்திரையா?

இரா.கு., மதுரை:

சேர்த்தே எழுதுக. பிரித்தால் அவரவர் மேசையிலுள்ள ரப்பர் முத்திரையைக் குறிக்கும்.

மீ.ல., தஞ்சாவூர்:

சேர்த்தாலும் பிரித்தாலும் என் மறுப்பு நிற்கிறது. அடுத்த பதிப்புக்குத் 'தொழில் அடையாளம்' பரிசீலனையில் இருக்கட்டும்.

செ.மு., கோவை:

பொறியும்.