குழுவாக நீண்ட தூர சைக்கிள் பயணம்: பஞ்சர் பற்றிப் புதுப்பிப்பு

ஒரு நாளில் 150 கி.மீ. குழுவாகப் போவதற்கான தயாரிப்பு பற்றி முன்பு எழுதிய பதிவில், ஆளுக்கு 2 டியூப், குழுவுக்கு ஒரு பம்ப் என்று சொல்லியிருந்தேன். "டியூப் மாற்றியும் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்குகிறதே?" என்று சிலர் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

பெரும்பாலும் குத்திய பொருள் டயருக்குள்ளேயே இருக்கும். லாரி டயரிலிருந்து சிதறும் மெல்லிய கம்பித்துண்டு கண்ணுக்குத் தெரியாது. டயரின் பக்கத்தில் அச்சிட்ட கம்பெனி எழுத்து வால்வுக்கு (காற்றடிக்கும் முனை) நேரே வரும்படி எப்போதும் மாட்டுங்கள். டியூபில் வால்விலிருந்து எவ்வளவு தள்ளி ஓட்டை என்று பார்த்தால், அந்த எழுத்தை வைத்து டயரில் தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும். உட்புறத்தைத் துணியால் துடையுங்கள், நூல் சிக்கும் இடத்தில்தான் கம்பி. வெறும் விரலால் தடவினால் விரல்தான் கிழியும்.

பக்கத்தில் பக்கத்தில் 2 ஓட்டைகள் என்றால் கம்பி இல்லை, ரிம் கடித்தது: குழியில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கியிருக்கும். காற்று குறைவு. 28 மி.மீ. டயர், 70 கிலோ ஆள் என்றால் 65–75 பிஎஸ்ஐ. பின் பையில் சுமை இருந்தால் பின் சக்கரத்துக்கு இன்னும் கொஞ்சம்.

டியூபைக் கடன் கொடுக்கும்முன் வால்வைப் பாருங்கள். ஷ்ரேடர் வால்வு (பைக், கார் டயரில் இருப்பது போன்ற தடித்த வால்வு) பிரெஸ்டா (ஒல்லியான வால்வு) ரிம்மின் துளையில் நுழையாது. ரிம் ஆழமானதென்றால் 40 மி.மீ. வால்வு எட்டாமல் போகலாம். கிளம்பும்முன் எல்லாருடைய டியூபும் வால்வும் ஒரே அளவா என்று பார்த்துவிடுவது நல்லது.

பேட்ச் ஒட்டும்போது பசை உலரும்வரை, சுமார் 5 நிமிடம், பொறுங்கள். ஈரத்தில் ஒட்டினால் பிய்ந்துவிடும்.