பிஎச்.டி. கைடைத் தேர்ந்தெடுக்க எச்-இண்டெக்ஸ் பார்த்தால் போதுமா?

பயோகெம்_மாணவி:
வணக்கம். எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடித்து ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கிவிட்டேன். இரண்டு பேராசிரியர்கள் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். முதலாமவருக்கு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் 380 பேப்பர், எச்-இண்டெக்ஸ் 46. இரண்டாமவர் லேப் தொடங்கி எட்டு வருடம்தான் ஆகிறது, 31 பேப்பர், எச்-இண்டெக்ஸ் 13. "46ஐ விட்டுட்டு 13க்கு யாராவது போவாங்களா"ன்னு கூடப் படித்தவர்கள் கேட்கிறார்கள், அப்பாவும் அதையேதான் சொல்கிறார். ஆனால் நேரில் போனபோது இரண்டாவது லேபில் ஒரு சீனியர் அக்கா, சரியாக வராத ஒரு வெஸ்டர்ன் பிளாட்டை (புரதத்தைக் கண்டறியும் சோதனை) எடுத்துவைத்து ஏன் வரவில்லை என்று ஒரு மணி நேரம் விளக்கினார். முதல் லேபில் என்ன வேலை நடக்கிறது என்றே யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். இந்த எண்களை எப்படிப் படிப்பது?

பைப்பெட்:
முதலில் அந்த 46 என்றால் என்ன என்று பாருங்கள். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005ல் சொன்ன கணக்கு இது. ஒருவருக்கு 46 பேப்பர்கள் ஒவ்வொன்றும் குறைந்தது 46 முறை சைட் ஆகியிருந்தால் (மற்ற பேப்பர்களில் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால்) எச்-இண்டெக்ஸ் 46. வருடம் ஆக ஆக ஏறுமே தவிர இறங்காது, அதனால் முப்பது வருட சர்வீஸ் உள்ளவரையும் எட்டு வருடக்காரரையும் இதை வைத்து ஒப்பிடுவதே தப்பு. தவிர, கூகுள் ஸ்காலர் தீசிஸ், ப்ரீபிரிண்ட் (இதழில் வரும் முன்பே வெளியிடும் பிரதி) எல்லாவற்றிலும் வரும் சைட்டேஷனையும் சேர்த்துக்கொள்ளும், அதே ஆளுக்கு ஸ்கோபஸ் என்ற இன்னொரு தளத்தில் பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது, புரொஃபைலை வருட வரிசையில் போட்டு பெயர்கள் வரும் இடத்தைப் பார்ப்பது. நம் துறையில் பெஞ்சில் நின்று வேலை செய்தவர் பெயர் முதலில், லேப் தலைவர் பெயர் கடைசியில். கைடு கடைசியிலும் அவர் மாணவர் முதலிலும் இருக்கிற பேப்பர் எத்தனை என்று எண்ணுங்கள். இருபது பேர் பட்டியலில் நடுவே பதினோராவதாக இருப்பதும் அதே கணக்கில்தான் ஏறும்.

நீலக்கரைசல்:
பைப்பெட் சொன்னதோடு ஒன்று. அதிகம் சைட் ஆனது பெரிய கண்டுபிடிப்பு என்று அர்த்தமில்லை. பிராக்டிகலில் நீல நிறம் வரும்வரை காத்திருந்து புரதம் அளந்திருப்பீர்களே, அந்த லௌரி முறை பேப்பர் 1951ல் வந்தது. 2014ல் நேச்சர் இதழ் போட்ட பட்டியலில் அதுதான் முதலிடம், 3 லட்சத்துக்கும் மேல் சைட்டேஷன். அடுத்த இரண்டும் லேம்லி 1970, பிராட்ஃபோர்ட் 1976, அவையும் லேப் முறைகள்தான். டி.என்.ஏ. இரட்டைச் சுருள் பேப்பர் முதல் நூறிலேயே இல்லை! லௌரியே அதைப் பெரிய பேப்பர் இல்லை என்று சொன்னவர்.

நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவும் ஃபிஸ்கேயோடு சேர்ந்து 1925ல் பாஸ்பரஸ் அளக்கும் முறையை வெளியிட்டார், இன்றும் பிராக்டிகலில் அதைச் செய்கிறோம். அப்படிப்பட்டவருக்கே, அவர் வேலை பார்த்த ஹார்வர்டு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940ல் லெடர்லே மருந்து கம்பெனிக்குப் போனார். எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு வழிவகுத்த கட்டலின் கரிகோ கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். 1995ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கினார்கள், சக ஆய்வாளர் வைஸ்மனோடு 2005ல் எழுதிய எம்.ஆர்.என்.ஏ. பேப்பரை அப்போது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை, 2023ல் அதற்குத்தான் நோபல். அந்த நாட்களில் அவர் லேபில் சேர ஒரு மாணவி சைட்டேஷனை மட்டும் பார்த்திருந்தால் என்ன முடிவு எடுத்திருப்பாள்?

நான்காம்_ஆண்டு:
நான் எண்ணைப் பார்த்துச் சேர்ந்தவன். நான்கு வருடத்தில் ஐந்து ரிவ்யூ ஆர்ட்டிகிள் (மற்றவர்கள் செய்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதுவது) எழுதியிருக்கிறேன், என் சொந்த எக்ஸ்பெரிமெண்ட் இன்னும் பாதியில் நிற்கிறது. ரிவ்யூ சீக்கிரம் சைட் ஆகும், எண் ஏறும், அதனால் வருகிற மாணவரையெல்லாம் அதில் உட்கார வைத்துவிடுவார்கள். பிறகுதான் வெளியான பேப்பர்களில் உள்ள குறைகளைப் பேசும் பப்பியர் தளத்தில் தேடினேன். எங்கள் லேபின் பழைய பேப்பர் ஒன்றில் ஒரே பேண்டை (சோதனைப் படத்தில் தெரியும் பட்டை) திருப்பிப்போட்டு இரண்டு படத்தில் வைத்திருப்பதாக எழுதியிருந்தார்கள். போய்ப் பார்த்தேன், ஓரத்தில் இருந்த சின்னக் கீறல்கூட இரண்டிலும் அப்படியே இருந்தது. அன்று இரவு தூங்கவில்லை. தயவுசெய்து சேரும் முன்பே கைடு பெயரைப் போட்டு பப்பியர், ரிட்ராக்‌ஷன் வாட்ச் (திரும்பப் பெறப்பட்ட பேப்பர்களைப் பற்றிய தளம்) இரண்டிலும் தேடிவிடுங்கள். அப்புறம் அங்கே முடித்துப் போனவர்கள் இரண்டு பேரிடமாவது போனில் பேசுங்கள், மெயிலில் யாரும் உண்மையை எழுதமாட்டார்கள்.

பயோகெம்_மாணவி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து எண்ணினேன். முதலாமவருக்கு 2022ல் மட்டும் 54 பேப்பர், அதாவது வாரத்துக்கு ஒன்று. அதிகம் சைட் ஆன பத்தில் ஏழு ரிவ்யூ. இரண்டாமவரின் 31ல் 19க்கு மாணவர் பெயர் முதலில், அவர் பெயர் கடைசியில். அப்பாவிடம் லேப்டாப்பைத் திருப்பி இரண்டையும் காட்டினேன், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "சரி, அந்தப் பொண்ணு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தான்னியே, அவகிட்ட இன்னொரு தடவை பேசு" என்றார். அந்த அக்காவிடம், முடித்துப் போன சீனியர் ஒருவரின் நம்பர் கேட்டிருக்கிறேன். @நான்காம்_ஆண்டு, உங்களுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.