பொங்கல் லீவுக்கு எங்காவது போகலாமா, வீட்டிலேயே கிடக்கலாமா?

பாளை மைனா:
எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி 15 வியாழன் பொங்கல், 16, 17 இரண்டு நாளும் லீவு, 18 ஞாயிறு, ஆக நாலு நாள் முழுசாக. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் 26 திங்கட்கிழமை வருகிறது, அங்கே மறுபடியும் மூன்று நாள். பிள்ளைகள் இரண்டும் இப்போதே மூணாறு, கொடைக்கானல் என்று ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்காரர் "லீவு நாளில் கிளம்புகிறவனுக்குப் புத்தி கெட்டிருக்க வேண்டும்" என்கிற கட்சி.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போன ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமையாக வந்ததா, மறுநாள் கிருஷ்ண ஜெயந்தி, அப்புறம் ஞாயிறு, சீசன் நேரம்தானே என்று குற்றாலத்துக்குக் காரை எடுத்தோம். தென்காசி வரைக்கும் நால்வழிச் சாலையில் சிரமமே இல்லை. கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். ஐந்தருவியில் வரிசையில் நின்று உச்சந்தலை நனைவதற்குள் "நகரு, நகரு" என்று தள்ளிவிட்டார்கள். திரும்பும்போது சின்னவன் காருக்குள்ளேயே வாந்தி.

ஆனால் வீட்டில் இருந்தால் அவருக்கு லீவு, பிள்ளைகளுக்கு லீவு, எனக்கு? மூன்று வேளைச் சமையல், நடுவில் இரண்டு தடவை காபி, மெட்ராஸிலிருந்து வரும் மதினி குடும்பம் நாலு பேர். நானும் பள்ளிக்கூட வேலைக்குப் போகிறவள்தான். அத்தை வேறு, மகளுக்குச் சிறுவீட்டுப் பொங்கல் (பெண் பிள்ளைகள் சின்னதாக வீடு கட்டி வைக்கிற பொங்கல்) விடாமல் எங்கேயும் கிளம்பக் கூடாது என்கிறார்கள். நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

கல்லிடை வேன்காரர்:
தங்கச்சி, நான் இருபது வருசமாக லீவு நாளில்தான் சம்பாதிக்கிறேன், அதனால் நான் சொல்வது என் பிழைப்புக்கே விரோதம். காணும் பொங்கல் அன்று பாபநாசம் பக்கம் தலை வைத்துப் படுக்காதீர்கள். அகஸ்தியர் அருவியில் வருசம் முழுக்கத் தண்ணீர் விழும், அதனால் குற்றாலம் வறண்டிருந்தால் அந்தக் கூட்டமும் சேர்ந்து இங்கேதான் வரும். காட்டுக்குள் போகிற பாதை என்பதால் சோதனைச் சாவடியில் ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி பிளாஸ்டிக் இருக்கிறதா, பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வண்டிகள் வால் பிடித்து நிற்கும். மணிமுத்தாறும் அன்றைக்கு அதே கதைதான். இதே அருவிக்கு 20ஆம் தேதிக்கு மேல் ஒரு வேலை நாளில் அரை நாள் லீவு போட்டு வாருங்கள், ஆளே இருக்காது.

பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தால் கூந்தன்குளம் கூட்டிப் போங்கள், நாங்குநேரிப் பக்கம். ஜனவரியில் பறவை நிறைய இருக்கும். மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா எல்லாம் குளத்தில் மட்டுமில்லை, ஊருக்குள் வீட்டு மரத்திலேயே கூடு கட்டும். பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. வெயில் ஏறுமுன் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

தாம்பரத்து நெல்லைக்காரன்:
வீட்டிலேயே இருக்கலாமா என்று ஒரு கேள்வியா அக்கா? எங்களைக் கேளுங்கள். இப்போது 60 நாள் முன்னால்தான் ரயில் முன்பதிவு, 2024 நவம்பரில் 120-ஐப் பாதியாக்கிவிட்டார்கள். பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட காலை எட்டு மணிக்கு நானும் மனைவியும் ஆளுக்கொரு போனுடன் உட்கார்ந்தோம், பணம் கட்டுகிற பக்கம் சுற்றிச் சுற்றி, அது நின்றபோது காத்திருப்புப் பட்டியல் 180. ஆம்னி பஸ்காரன் கேட்ட காசுக்கு ஒரு மாச வீட்டுச் சாமான் வாங்கலாம். அதனால் கிளாம்பாக்கத்தில் அரசு பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், இல்லையென்றால் காரை எடுத்துப் பரனூர் சுங்கச்சாவடியில் பொங்கல் வைக்க வேண்டும். இத்தனையும் எதற்கு, நீங்கள் சலித்துக்கொள்கிற அதே வீட்டில் இரண்டு நாள் படுத்துக் கிடக்கத்தான். அம்மா கையால் சொதியும் இஞ்சித் துவையலும் சாப்பிட்டு, திண்ணையில் பனங்கிழங்கை நார் உரித்துக்கொண்டு சும்மா இருப்பதை விடப் பெரிய டூர் எது?

வண்ணார்பேட்டை நர்ஸ்:
மேலே எழுதிய தம்பிக்கு ஒன்று. அந்தச் சொதிக்குத் தேங்காய் துருவி முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிழிந்தது யார்? உங்கள் அம்மாவுக்கு அன்றைக்கு லீவா? மைனா அக்கா கேட்டதே அதைத்தான், நீங்கள் ரயில் டிக்கெட் கதை சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

அக்கா, எனக்கு லீவு என்பது டூட்டி சார்ட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான், பாதிப் பொங்கலை ஆஸ்பத்திரியில்தான் கழித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. பொங்கல் அன்று எல்லாரும் சேர்ந்து சமையல், மறுநாள் பழையதும் மிச்சக் குழம்பும். காணும் பொங்கலுக்கு அடுப்பே பற்ற வைக்க மாட்டோம், முந்தின இரவே ஆண்கள் புளியோதரையும் தயிர்ச் சாதமும் கிளறிக் கட்டிவிட வேண்டும், கூட்டுக்கு அப்பளமோ வடகமோ அவர்கள் பாடு. சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவோம். தூரமெல்லாம் போவதில்லை, குறுக்குத்துறைக் கோயில் பக்கம், அதுவும் கூட்டமாக இருந்தால் வேறு துறை.

ஒரே ஒரு விஷயம், பழக்கமில்லாத படித்துறையில் பிள்ளைகளை இறக்காதீர்கள். முழங்கால் தண்ணீர் மாதிரி தெரியும், இரண்டடி தள்ளி மணல் அள்ளின பள்ளம் இருக்கும். லீவு நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு எப்படிப்பட்ட பிள்ளைகளைத் தூக்கி வருகிறார்கள் என்று இங்கே எழுத எனக்கு மனசில்லை.

தாம்பரத்து நெல்லைக்காரன்:
சரிக்கா, வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை தேங்காய் நான் துருவுகிறேன். பால் பிழிய அம்மா விடுவார்களா என்பது வேறு விஷயம், "நீ சக்கையை எல்லாம் விட்டுருவே, தள்ளு" என்பார்கள்.

பாளை மைனா:
எல்லாருக்கும் நன்றி. இந்த இழையை அப்படியே வீட்டுக்காரரிடம் போனோடு கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "புளியோதரைக்கு அரிசி எவ்வளவு போடணும், மதினி வீட்டாளுகளையும் சேர்த்து?" என்று கேட்டார். ஆகவே மூணாறு இல்லை. மெட்ராஸ்காரர்களும் சேர்ந்து காணும் பொங்கலுக்குக் கூந்தன்குளம், கட்டுச்சோற்றோடு. பாபநாசம் 20ஆம் தேதிக்கு மேல் பார்க்கலாம் வேன்கார அண்ணாச்சி, உங்கள் பிழைப்பைக் கெடுத்ததற்கு அன்றைக்கு உங்கள் வண்டியிலேயே வருகிறோம்.

சிறுவீட்டுப் பொங்கலும் உண்டு. மகள் தினமும் காலையில் கோலத்தில் சாணி உருண்டை பிடித்துப் பூசணிப்பூ வைக்கிறாள், அதைத் தட்டிக் காயவைத்த பூவெரு மொட்டை மாடியில் சேர்ந்துகொண்டே போகிறது. அதை ஆற்றில் விடுகிற அன்றைக்குக் கொடைக்கானலில் இருந்தால் எப்படி என்று அவளே கேட்டுவிட்டாள், அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஒரு சந்தேகம் மட்டும், நர்ஸ் தங்கச்சி. புளிக்காய்ச்சலை நான் கிண்டி பாட்டிலில் போட்டு வைத்துவிட வேண்டுமாம், சாதத்தில் பிசைகிற வேலையை மட்டும் அவர் பார்த்துக்கொள்வாராம். இது உங்கள் வீட்டுச் சட்டப்படி செல்லுமா?