துருவம் என்று நினைத்து எதைப் பிடித்தீர்கள்?

கரிசல்காடு:
மே மாதம், விளாத்திகுளம் பக்கம் மாமா வீட்டு மொட்டைமாடி. ஈக்குவடோரியல் மவுண்ட் வாங்கி இரண்டே வாரம். தொலைநோக்கியை வானத்தோடு சேர்த்துச் சுழற்றும் தாங்கி அது, அதன் அச்சு வட துருவத்தைப் பார்க்க வேண்டும். ஊரின் அட்சரேகை 9 டிகிரி என்றது ஜிபிஎஸ். துருவமும் அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் இருக்கும். 9 டிகிரி எவ்வளவு தாழ்வு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்தால் அதற்குள் முடிந்துவிடும். அந்த உயரத்தில் அன்று வெறும் புழுதி மூட்டம். ஆனால் வடக்கே இன்னும் மேலே, தன்னந்தனியாக, நல்ல வெளிச்சமாக ஒன்று நின்றது. ஃபோன் காம்பஸும் அதுதான் வடக்கு என்று ஆமாம் போட்டது. அச்சின் சாய்வைக் காட்டும் மவுண்டின் அளவுகோல் மட்டும் 25 காட்டியது. மலிவு மவுண்ட், கோடு தப்பாகப் போட்டிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அச்சு வழியே பார்க்கும் குட்டித் தொலைநோக்கியான போலார் ஸ்கோப்பின் நடுவில் அது அவ்வளவு அழகாக வந்து உட்கார்ந்தது.

30 விநாடிப் படத்திலேயே நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக இழுத்தது. பேலன்ஸ் பார்த்தேன், மோட்டாரைப் பார்த்தேன், கேபிளை மாற்றினேன். இரண்டு மணி நேரம் போனது. மாமா கயிற்றுக் கட்டிலில் தூங்கிவிட்டார் என்று நினைத்திருந்தேன். இருட்டிலிருந்து குரல் வந்தது: "மாப்ள, துருவன் அசையாதும்பாங்க. உன் ஆளு பனைமரத்துக்கு அந்தப் பக்கம்லா போயிட்டான்."

கோகாப்! சிறுகரடி விண்மீன் கூட்டத்தின் மறுமுனை, பிரகாசத்தில் துருவ நட்சத்திரமான போலாரிஸுக்கு இரட்டைப் பிறவி. மே மாத நள்ளிரவை ஒட்டி துருவத்துக்கு நேர் மேலே 16 டிகிரியில் நிற்கும். 9ம் 16ம் 25. அளவுகோல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

மாடிப்படி:
எண்ணை விட்டுவிட்டுக் கண்ணை நம்பினால் இப்படித்தான் ஆகும். அது போகட்டும், ஃபோன் காம்பஸை எடுத்தது அதைவிடப் பெரிய தப்பு. கோவையில் எங்கள் மாடியில் படிக்கட்டு அருகே ஒரு வடக்கு, தண்ணீர்த் தொட்டி அருகே அதிலிருந்து 20 டிகிரி தள்ளி இன்னொரு வடக்கு. நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் எனக்கே தலை சுற்றியது. காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் நம் ஊரில் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான், அதனால் பெரிய கேடு இல்லை. தளத்துக்குள் ஓடும் கம்பியும், மவுண்டில் தொங்கும் இரும்பு எடையும்தான் கெடுக்கின்றன.

யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முதலில் ரசமட்டம் வைத்து ட்ரைபாடைத் துல்லியமாக மட்டப்படுத்துங்கள். அது இல்லாமல் எதுவும் நடக்காது. அப்புறம் பகலிலேயே தூக்குக்குண்டு கட்டி, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் நூலின் நிழலைத் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதுதான் வடக்கு-தெற்குக் கோடு. உச்சி நேரம் 12 மணி அல்ல. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது. கோவை 77இல் இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம், ஆக 22 நிமிடம் தாமதம். சூரியனும் ஆண்டு முழுக்க ஒரே சீராக வராது. பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். அதாவது கோவையில் பிப்ரவரியில் 12:36, நவம்பரில் 12:06. இந்தக் கோடு ஒரு தரம் போட்டால் போதும், பெயின்ட் அடித்து வைத்துக்கொள்ளலாம். போலாரிஸே தெரியாவிட்டாலும் கவலையில்லை. எங்கள் வீட்டில் கோடு இருக்கிறது, மனைவி அதன் மேல் துளசிச் செடியை வைத்துவிட்டார்.

நிழலாட்டம்:
மாடிப்படி அண்ணே, நிழல் எந்தப் பக்கம் விழும் என்று சொல்லாமல் விட்டீர்களே! இதே முறையை நான் சென்னையில் ஜூன் மாதம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி நிழலின் நுனியில் அம்புக்குறி போட்டு 'வ' என்று எழுதினேன். ராத்திரி மவுண்டை அப்படியே வைத்து, எதிர்வீட்டு மாடிக்கு மேலே துருவத்தைத் தேடுகிறேன், தேடுகிறேன்... அங்கே விருச்சிகத்தின் கொடுக்கு எழுந்து நிற்கிறது. தெற்கே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டி, சூரியன் நேர் தலைக்கு மேல் வரும் நிழலில்லா நாள், அடுத்தது ஆகஸ்ட் 18ஐ ஒட்டி. இடைப்பட்ட நாட்களில் உச்சி நிழல் தெற்கேதான் விழும். ஜூனில் ஒரு மீட்டர் குச்சிக்கு நிழல் 18 சென்டிமீட்டர்தான். அப்போது சூரியன் உச்சியை ஓட்டமாகக் கடக்கும். ஒரு நிமிடம் தவறினால் திசை ஒன்றேகால் டிகிரி தவறும். டிசம்பரில் அதே ஒரு நிமிடத்துக்கு அரை டிகிரிகூட வராது. கோடு போடுகிறவர்கள் மார்கழியில் போடுங்கள்.

பூமத்தியரேகை:
9 டிகிரிக்கே அழுகிறீர்கள். நான் சிங்கப்பூர், 1.3 டிகிரி. இங்கே வந்து இத்தனை ஆண்டுகளில் போலாரிஸை ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை.

என்னால் மறக்க முடியாதது ஒரு சத்தம். அச்சு கிட்டத்தட்டப் படுத்துக்கிடந்தால் எடைக்கம்பி நேராகக் கீழே, ட்ரைபாடுக்குள்ளேயே தொங்கும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று நாற்காலியில் சாய்ந்தேன். 'ணங்'. எடை வடக்குக் காலில் இடித்து நிற்கிறது, மோட்டார் நிற்காமல் உறுமுகிறது. ஓடிப்போய் ஸ்விட்சை அணைப்பதற்குள் பல்சக்கரம் போயே போச்சு என்று நினைத்தேன். போகவில்லை.

இப்போது ஒற்றைக் கால் தெற்கே, இரண்டு கால்களின் இடைவெளி வடக்கே. தெற்குக் காலுக்கு அடியில் செங்கல். மவுண்ட் இறங்க மறுக்கும் மிச்ச டிகிரிகளைச் செங்கல் இறக்கிவிடும். ஆகவே மாடிப்படி, உங்கள் ரசமட்டத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அச்சு துருவத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ட்ரைபாட் சாய்ந்திருந்தால் ஒரு திருகைத் திருப்பும்போது மற்றதும் சற்று நகரும். இன்னொரு சுற்று திருத்திக்கொள்ளலாம். நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்து அச்சைத் திருத்தும் ட்ரிஃப்ட் முறையில்தான் நான் முடிக்கிறேன். தெற்கு வடக்காகத் தலைக்கு மேல் போகும் உச்சிக்கோட்டருகே, ஓரியனின் இடுப்புப் பட்டையில் உள்ள மின்டாகா மாதிரி, வான நடுக்கோட்டை (பூமத்தியரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) ஒட்டிய நட்சத்திரத்தைப் பிடித்துப் பாருங்கள். தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே.

மாடிப்படி:
செங்கல் மேல் வைத்த மவுண்டில் படம் எடுத்துவிட்டு அதைப் பாடமாக வேறு நடத்துகிறீர்கள். காற்றடித்தால்?

பூமத்தியரேகை:
மூன்று செங்கல், அடியில் ரப்பர் பாய். காற்றடித்தும் பார்த்தாயிற்று.

கரிசல்காடு:
சண்டை வேண்டாம். போன வாரம் மறுபடி மாமா வீட்டுக்குப் போனேன். இந்த முறை அளவுகோலில் 9 வைத்துவிட்டுத்தான் வானத்தையே நிமிர்ந்து பார்த்தேன். பனைமரத்தின் அடியில், கைப்பிடிச் சுவருக்கு ஒரு சாண் மேலே, மங்கலாக ஒன்று. தரையில் குப்புறப் படுத்துத்தான் போலார் ஸ்கோப்பில் பார்க்க முடிந்தது. மாமா கட்டிலைத் திருப்பிப் போட்டு, ராத்திரி முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் காபி குடிக்கும்போது, "நின்னுச்சு மாப்ள" என்றார்.