அண்டார்க்டிகாவில் ஸ்கிடூ என்னும் பனிவண்டி ஓட்டிய அனுபவம்: நிழல் மறைந்தால் வண்டியை நிறுத்துங்கள்

டர்பன் சாட்ஸ்வர்த் தம்பி ஒருவர், அண்டார்க்டிகாவில் இருக்கிற தென்னாப்பிரிக்க ஆய்வுத்தளமான சானே தளத்துக்கு டீசல் மெக்கானிக்காகப் போகிறேன், ஸ்கிடூ ஓட்டுவது மோட்டார் பைக் மாதிரிதானே என்று கேட்டிருந்தார். இல்லை தம்பி. குளிர்காலம் முழுக்க அங்கே தங்கி வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கேப் டவுனில் ஏறுகிற அகுலாஸ் 2 கப்பல் பனித்தட்டின் ஓரத்தோடு சரி. தளம் இன்னும் 150 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, வெஸ்லெஸ்கார்வெட் பாறைமேட்டில் இருக்கிறது. அங்கே வேகத்தைவிட வெளிச்சம் போவதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். மேகம் மூடியதும் நிழலே இருக்காது, வானம் எது தரை எது என்று தெரியாது, காற்று செதுக்கிய முழங்கால் உயர மேடுகூட வண்டி முட்டின பிறகுதான் தெரியும்.

ஒருமுறை இரண்டு ஸ்கிடூவையும் சாமான் ஏற்றிய சறுக்குவண்டிகளையும் நீளக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு போனோம். முன்வண்டி பனிப்பிளவில் விழுந்தால் பின்னால் இருக்கிற எடை இழுத்துப் பிடிக்கும், அதற்காகத்தான் கயிறு. அது தொய்யாமல் பார்த்துக்கொள்வது பின்னால் வருகிறவர் பொறுப்பு, தொய்ந்தால் வண்டிக்கு அடியில் சுழலும் பட்டையில் சிக்கிக்கொள்ளும், விழுகிற வண்டியும் இன்னும் ஆழமாக விழும். பாதி வழியில் வெளிச்சம் மங்கியதும் குழுத்தலைவர் கையைத் தூக்கிவிட்டார். அந்த இடத்திலேயே நிறுத்தி, நீளக் கம்பியால் சுற்றிலும் குத்திப் பார்த்துவிட்டுக் கூடாரம் போட்டோம். மறுநாள் சாய்வெயில் அடித்தபோது, கல்லெறி தூரத்தில், எங்கள் பாதைக்குக் குறுக்கே லேசாகக் குழிந்து நீலம் பாய்ந்த ஒரு கோடு தெரிந்தது. மெல்லிய பனி மூடின பிளவு. முந்தைய நாள் யார் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது.

அப்புறம், கில் ஸ்விட்ச் கயிற்றை, அதாவது நீங்கள் விழுந்தால் என்ஜினை நிறுத்துகிற கயிற்றை, உடம்பில் மாட்டாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள். ஆக்ஸிலேட்டர் கட்டைவிரலால் அழுத்துவது, உறைந்து சிக்கிக்கொள்ளும், ஸ்டார்ட் செய்யும் முன் அழுத்திவிட்டுப் பாருங்கள், தானாகத் திரும்ப வேண்டும். வண்டி சாய்ந்தால் பைக் பழக்கத்தில் கால் தானாக ஊன்றப் போகும். ஊன்றாதீர்கள், முறிந்துவிடும். வேர்க்கிற அளவுக்கு உடுத்தவும் வேண்டாம், வண்டி நின்றதும் அந்த ஈரமே உடம்பை உறைய வைக்கும்.

பெட்ரோல் ஊற்றும்போது அடியில் தட்டு வையுங்கள், சிந்தினால் அந்தப் பனியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வர வேண்டும். அண்டார்க்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்க 1998இல் நடைமுறைக்கு வந்த மாட்ரிட் உடன்படிக்கைக்குத் தென்னாப்பிரிக்கர்களான நாமும் கட்டுப்பட்டவர்கள். பாறை இடுக்கில் பனிப் பெட்ரல் என்கிற கடற்பறவைகள் கூடு வைத்திருக்கும், தூரத்திலேயே என்ஜினை அணைத்துவிட்டு நடந்து போங்கள். சத்தத்துக்குத் தாய்ப்பறவை எழுந்து போனால் அந்தக் குளிரில் முட்டை என்னவாகும்!

பதில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

அண்ணே, கால் ஊன்றும் விஷயம் ரொம்பச் சரி. நானும் வீட்டுக்காரரும் பின்லாந்தின் லாப்லாந்துக்குச் சுற்றுலா போனபோது வழிகாட்டி முதலில் சொன்னதே அதுதான். அங்கே லைசென்ஸ் இல்லாமல் ஓட்ட விடமாட்டார்கள். உறைந்த ஏரியில் போகும்போது, ஓடை வந்து சேரும் பக்கம் அவர் எங்களை விடவே இல்லை, கீழே தண்ணீர் ஓடுவதால் அங்கே பனிக்கட்டி மெல்லிசாக இருக்குமாம். இன்னொன்று, பின்னால் உட்காருகிறவரும் வளைவில் ஓட்டுகிறவரோடு சேர்ந்து சாய வேண்டும், பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி திரும்பாது. இதைக் கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், ஓடும்போது ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் கேட்காது.