மறு: ‘பார்ட்ஸ் பேரிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

போன், கணினி போன்றவற்றின் பாகங்களை அவற்றின் எண்ணைக் கொண்டு மென்பொருள் வழியே அதே கருவியோடு கட்டிவைப்பதற்கு ஆங்கிலத்தில் ‘பார்ட்ஸ் பேரிங்’ என்று பெயர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை ஒருசேர வைத்துப் படித்தேன்: பாக இணைப்பு, எண்பூட்டு, பாகப்பூட்டு, பாகப்பிணைப்பு. இவற்றில் எதைத் தேர்ந்தாலும் பழுதுபார்ப்புக் கையேட்டில் நாம் சொல்ல வந்தது பாதிதான் வெளிப்படும் என்று நினைக்கிறேன். இரண்டு வேறு செயல்களுக்கு ஒரே சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நடப்பதை முதலில் பிரித்துப் பார்ப்போம். பல போன்களில் திரை, மின்கலம், கேமரா, கைரேகை உணரி போன்ற பாகங்களில் ஒரு சிறு சில்லு இருக்கிறது. அந்தப் பாகத்துக்கே உரிய வரிசை எண் அதில் இருக்கும். ஆலையில் கருவியைப் பொருத்தி முடிக்கும்போது அந்த எண்கள் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பதிவாகின்றன. பிறகு மென்பொருள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இது வெறும் அடையாளம் காணல். எண் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்பது உற்பத்தியாளர் தனியே எடுக்கும் முடிவு. பாகத்தை ஏற்கலாம், எச்சரிக்கை காட்டலாம், ஒரு வசதியை முடக்கலாம், கருவியையே எழவிடாமல் செய்யலாம்.

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் 2024 மார்ச்சில் இயற்றிய சட்டம் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. தனி அடையாள எண்ணைக் கொண்டு பாகங்களை மென்பொருள் வழியே இனங்காணும் வழக்கம் என்றுதான் அது பார்ட்ஸ் பேரிங்கை வரையறுக்கிறது. அந்த வரையறையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தடை தனியே வருகிறது: நன்றாக இயங்கும் மாற்றுப் பாகத்தை இயங்கவிடாமல் செய்வது, கருவியின் திறனைக் குறைப்பது, உரிமையாளர் உடனே நீக்க முடியாத, தவறான எண்ணம் தரும் எச்சரிக்கையைக் காட்டுவது. இந்த மூன்றுக்கும் அடையாள எண்ணைப் பயன்படுத்தக் கூடாது. 2025 ஜனவரி 1-க்குப் பின் தயாரான கருவிகளுக்கு இது பொருந்தும். அந்தச் சட்டத்தை யாராவது தமிழில் விளக்க உட்கார்ந்தால் ஒரு சொல் போதாது. வரையறைக்கு ஒன்று வேண்டும், தடைசெய்யப்பட்டதற்கு வேறொன்று வேண்டும்.

> பாதுகாப்புக்காகத்தானே செய்கிறார்கள்? கைரேகை உணரியை எவனாவது மாற்றி வைத்துவிட்டால்?

நியாயமான கேள்வி. 2016-இல் பெரிய செய்தியான ஐபோன் ‘பிழை 53’-ஐப் பார்த்தாலே விடை கிடைக்கும். கைரேகை உணரி உள்ள பொத்தானை வெளிக்கடையில் மாற்றியிருந்தவர்கள் இயங்குதளத்தைப் புதுப்பித்ததும் போன் முழுவதுமாக முடங்கிப்போனது. படங்கள், தொடர்பு எண்கள் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. பாதுகாப்புக்காக என்றுதான் ஆப்பிள் முதலில் சொன்னது. எதிர்ப்பு வலுத்ததும் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 9.2.1-ஐத் திருத்தி வெளியிட்டது. போன்கள் மீண்டும் எழுந்தன, கைரேகை வசதி மட்டும் அணைந்தே இருந்தது. 2018 ஜூனில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இந்த விவகாரத்தில் 90 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

அடையாளம் தெரியாத உணரியை நம்பிக் கைரேகையைத் தராமல் இருப்பது நியாயம், அதை நானும் கேட்பேன். அதைச் சாக்காக வைத்து முழுப் போனையும் கட்டையாக்குவது நியாயமே இல்லை. திருத்தம் வந்த பிறகு பாதுகாப்பும் இருந்தது, போனும் இயங்கியது. முடக்கம் தேவைப்படவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2021-இல் ஐபோன் 13 வந்தபோது இதே வழக்கம் திரை மாற்றுவதையும் கடுமையாகப் பாதித்தது. வெளியாள் திரையை மாற்றினால் முகத்தைக் கண்டு போனைத் திறக்கும் வசதி நின்றுபோனது. முகத்தைப் பார்க்கும் உணரிகள் அந்தத் திரையில் இல்லவே இல்லை. நுண்ணோக்கியின் கீழ் பழைய திரையின் சில்லைப் பெயர்த்துப் புதிய திரையில் பற்றவைத்தால்தான் போன் ஒத்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் முடியும் வேலைக்குச் சூடான காற்றும் தேர்ந்த கையும் தேவைப்பட்டன. இதையும் எதிர்ப்புக்குப் பின்னரே ஐஓஎஸ் 15.2-இல் தளர்த்தினார்கள்.

இத்தகைய முடக்கம் போனில் மட்டும்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம்மில் பலர் விரும்பி வாங்கும் பழைய திங்க்பேட் மடிக்கணினிகளில் உற்பத்தியாளரின் பட்டியலில் இல்லாத வைஃபை அட்டையைச் செருகினால் 1802 என்ற பிழை எண்ணோடு கணினி தொடங்காமலே நின்றுவிடும். உற்பத்தியாளரின் தொடக்க நிரலுக்குப் பதிலாகக் கோர்பூட், லிப்ரேபூட் என்ற கட்டற்ற நிரல்களைப் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. போலந்தில் 2023-இல் வெளிவந்த நெவாக் என்ற இரயில் தயாரிப்பு நிறுவனத்தின் விவகாரம் இன்னும் பெரிது: வேறு பட்டறையில் பராமரித்த இரயில்கள் காரணம் தெரியாமல் நின்றன. நிரலைப் பிரித்துப் பார்த்தவர்கள் அதற்குள் போட்டிப் பட்டறைகளின் ஜிபிஎஸ் அமைவிடங்களையே கண்டார்கள்.

இனி, சொற்கள்.

> பாக இணைப்பு என்றே வைத்துவிடலாமே. புளூடூத்துக்கு இணைத்தல் என்றுதானே எழுதுகிறோம்?

‘இணை’ ஏற்கெனவே கனெக்ட், அட்டாச், லிங்க் எல்லாவற்றையும் சுமக்கிறது. அதைவிட முக்கியம், புளூடூத்தில் இணைப்பவர் நாம், வேண்டாமென்றால் துண்டிப்பவரும் நாம். இங்கே உரிமையாளரை யாரும் கேட்கவில்லை.

எண்பூட்டு பெட்டிகளில் எண்ணைச் சுழற்றித் திறக்கும் பூட்டுக்கு வழங்கும் சொல். விட்டுவிடலாம்.

பாகப்பூட்டு எனக்கு மிகவும் பிடித்திருந்தது, யாழ்ப்பாணத்து நண்பரின் மடல் வரும்வரை.

> எங்களுக்குப் பூட்டுறது எண்டால் பொருத்துறது. சில்லை (சக்கரத்தை) கழட்டிப் பூட்டினேன் எண்டுதான் சொல்லுவம். பாகப்பூட்டு எண்டால் பாகத்தைப் பொருத்திற வேலை எண்டுதான் விளங்கும்.

இந்த மறுப்பை நாம் கடந்துபோகக் கூடாது. ஏர் பூட்டுவது, வண்டி பூட்டுவது என்று தமிழ்நாட்டிலும் அந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது. பாகத்தைப் பொருத்தவிடாத செயலுக்கு நாம் வைக்கும் பெயர் ஈழத் தமிழருக்குப் ‘பொருத்துதல்’ என்று கேட்டால் அந்தப் பெயர் நிற்காது.

பாகப்பிணைப்பு முதல் செயலுக்கு, அதாவது எண்ணால் இரண்டைச் சேர்த்துப் பதிவதற்கு, நன்றாகப் பொருந்துகிறது. வேதிப்பிணைப்பு என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். சூடடிக்கும் மாடுகளைச் சேர்த்துக் கட்டுவதும் பிணையல்தான். இரண்டு இரண்டாகச் சேர்தல் என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, குற்றச்சாட்டு இல்லை. சட்டத்தின் வரையறைக்கு இதுவே சரி.

இரண்டாவது செயலுக்கு நான் முன்வைப்பது பாகத்தளை.

தளை என்றால் கால்விலங்கு. அடிமைத்தளை எல்லோரும் அறிந்த சொல். கட்டற்ற மென்பொருளைத் தளையறு மென்பொருள் என்று எழுதுவோரும் உண்டு. யாப்பிலோ நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் ஒன்றியோ ஒன்றாமலோ விதிப்படி சேர்வதுதான் தளை. மாமுன் நிரையும் விளமுன் நேரும் காய்முன் நேரும் வரவில்லையென்றால் வெண்பாவில் தளை தட்டுகிறது என்கிறோம். வந்த சீர் தனியே பார்த்தால் குறையற்றது, அடுத்து நிற்பதோடு விதிப்படி சேரவில்லை, அவ்வளவே. ஒரே வகைப் போன் இரண்டை வாங்கித் திரைகளை மாற்றி மாட்டினால் நடப்பதும் இதுதான். இரண்டும் அசல் திரைகள், இரண்டும் நல்லவை, ஆனாலும் தளை தட்டும். யாப்பின் விதியை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இந்த விதி உற்பத்தியாளரின் வழங்கியில் (சர்வரில்) இருக்கிறது. அந்த வேறுபாட்டைக் கையேட்டில் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: தளையிட்ட திரை, தளையில்லா மின்கலம், தளைநீக்கம். உதிரித்தளை என்றும் யோசித்தேன். கழற்றி விற்கும்போதுதான் அது உதிரி, கருவிக்குள் இருக்கும்வரை பாகம். தளை ஆலையிலேயே விழுந்துவிடுவதால் பாகம் என்பதே பொருத்தம்.

> கையேட்டில் கணினி வாங்குவோருக்கான பகுதியில் இதெல்லாம் எதற்கு? தனியுரிமைப் பகுதியில் வைத்தால் போதாதா?

இரண்டிலும் வேண்டும். கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுதுக்குக் கொடுத்த 16 மடிக்கணினிகளில் 6-இல் பணியாளர்கள் தேவையின்றிக் கோப்புகளைப் பார்த்ததைப் பதிவு செய்தார்கள். வீட்டிலேயே மின்கலத்தை மாற்ற முடிந்தால் கருவி கைவிட்டுப் போகாது, கடவுச்சொல்லை யாரிடமும் சொல்ல வேண்டாம். தளை அந்த வாய்ப்பைப் பறிக்கிறது. ஆகவே என்ன வாங்குவது என்று கேட்பவரிடம் செயலியையும் நினைவகத்தையும் சொல்லும் இடத்திலேயே இதையும் சொல்ல வேண்டும். பிரேம்வொர்க் மடிக்கணினி, ஃபேர்ஃபோன் திறன்பேசி போன்றவற்றில் உரிமையாளரே பாகங்களை வாங்கி மாற்ற முடிகிறது என்பது விலையை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

கையேட்டுக்கான வரைவு:

பாகப்பிணைப்பு – ஒரு பாகத்தின் தனி அடையாள எண்ணைக் கருவியோடு சேர்த்துப் பதிந்து, மென்பொருளால் சரிபார்க்கும் வழக்கம்.

பாகத்தளை – பாகப்பிணைப்பைக் கொண்டு, நன்றாக இயங்கும் மாற்றுப் பாகத்தை உற்பத்தியாளர் முடக்குவது, திறன் குறைப்பது, அல்லது நீக்க முடியாத எச்சரிக்கையால் ஐயத்துக்கு உள்ளாக்குவது.

மறுபிணைப்பு – மாற்றிய பாகத்தின் எண்ணைக் கருவியில் புதிதாகப் பதிதல்.

மூன்றாவதை நானாகச் சேர்த்தேன். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த திறன்பேசி விதிகள் இதற்கான மென்பொருளைப் பழுதுபார்ப்போருக்குத் தரச் சொல்கின்றன. ஆப்பிளும் ஐஓஎஸ் 18-இல் இப்படி ஒன்றைப் போனுக்குள்ளேயே வைத்தது. நம் கையேட்டின் கருவி அட்டவணையில் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம்: மறுபிணைப்பை உரிமையாளரே செய்ய முடியுமா? உற்பத்தியாளரின் வழங்கியைத் தொடாமல் செய்ய முடியுமா?

யாழ்ப்பாணத்து நண்பர் ‘தளை’ அங்கே எப்படிக் கேட்கிறது என்று எழுதினால் நன்று. பேச்சில் வேறு பொருள் இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வோம். மறுப்புகள் வந்தபின் வரைவைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்.