களப்பணியில் சந்தித்தவர்களில் இன்னும் மனதை விட்டுப் போகாதவர் யார்?

குளச்சல்காரி:
எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முதலாண்டு, கடற்கரை ஊர், பி.ஆர்.ஏ., அதாவது ஊர்க்காரர்களையே வரையவும் பேசவும் வைத்து ஊரின் நிலையை அறிகிற முறை. வழக்கம்போலத்தான்: குருசடி (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்) முன்னால் மணலில் கோலப்பொடி, சுற்றிலும் பெண்கள், சமூக வரைபடம். குச்சியை ஊர்க்காரர் கையில் கொடுக்க வேண்டும் என்று இந்த முறையைப் பரப்பிய ராபர்ட் சேம்பர்ஸ் சொன்னதை மனப்பாடம் செய்துவிட்டுப் போயிருந்தோம். ஒரு பாட்டியிடம் நீட்டினேன். வாங்கவில்லை. வீட்டுக்குள் போய் பரணிலிருந்து மூன்று சார்ட்டுகளை எடுத்து வந்து மணலில் விரித்தார். மூன்று வருடம் வந்த மூன்று செட் பிள்ளைகள் வரைந்தவை. மூன்றிலும் அதே தெருக்குழாய், அதே சிவப்பு வட்டம், கீழே 'முதல் தேவை: குடிநீர்'.

"நாலாவது உனக்க படமா மக்களே? தண்ணி எப்ப வரும்?"

அன்றைய களப்பணி ரெக்கார்டில் 'மக்கள் நன்கு ஒத்துழைத்தனர்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அதுதான் உறுத்துகிறது.

நாஞ்சில் அக்கா:
பாட்டி கேட்டது சரி. ஆனால் பழியை நீங்கள் சுமப்பதை ஏற்க மாட்டேன். வாரம் இரண்டு நாள் போகிற மாணவியால் குழாய் போட முடியுமா? அனுப்பிய கல்லூரித் துறைதான் முந்தைய செட்டின் ரெக்கார்டைக் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

எனக்கு ஒரு நிறுவனத்தில் களப்பணி. மகளிர் கூட்டம் முடிந்த பிறகு, வராதவர்களிடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். அண்டி ஆபீஸிலிருந்து (முந்திரி ஆலை) அப்போதுதான் திரும்பிய ஒரு அக்கா, கறை பிடித்த விரலில் பேனாவை வாங்கி, "கையெழுத்து மட்டும் போதுமா, இல்ல பேசவும் வரணுமா?" என்றார். குத்தலாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பதிவேட்டை நீட்டியபடியே நின்றேன்.

குலசேகரம் தம்பி:
துறையைக் குறை சொன்னால் தண்ணீர் வந்துவிடுமா? ரப்பர் பால் வெட்டுகிறவர்களைத் தேடிக் காலை ஒன்பதுக்குப் போய், மூன்று நாள் பூட்டிய வீடுகளைப் பார்த்தவன் நான். விடியுமுன் போகிறவர்கள் மதியம்தான் திரும்புவார்கள். நேரத்தை அவர்களிடம் கேளுங்கள்.

அப்புறம் தண்ணீர். முதலில் அது ஊராட்சியா, பேரூராட்சியா, நகராட்சியா என்று பாருங்கள். ஊராட்சி என்றால் கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், விடாதீர்கள். பாட்டி அந்த மூன்று சார்ட்டுகளோடு வரட்டும், அவரே பேசட்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்திருக்க வேண்டாம். நகலும் கேளுங்கள். சமூகப்பணி அறிஞர் ஜாக் ராத்மன் ஊர் வேலையைப் பிரித்த மூன்று வழிகளில் நீங்கள் வட்டார மேம்பாட்டிலேயே, அதாவது ஊரைக் கூட்டிப் பேசி ஒத்துழைப்பு வளர்ப்பதிலேயே, நிற்கிறீர்கள். மூன்று சார்ட் ஆன பிறகு அது சமூகச் செயல்பாடு, உரிமை கேட்கிற வேலை. பேரூராட்சி, நகராட்சி என்றால் வார்டு உறுப்பினரைப் பிடியுங்கள், மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

தூத்தூர் கரை:
தம்பி, நேரம் கேட்டுப் போக முடியாத நாளும் உண்டு. 2017 டிசம்பர், ஒக்கி புயல் அடித்த வாரம். ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயரை வீடு வீடாக எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு வீட்டில் மட்டும் கணவர் பெயரைச் சொல்லவில்லை. "நீ எழுதினா வரமாட்டாரு." மறுநாளும் போனேன். நோட்டை வெளியே எடுக்கவில்லை. கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) கொடுத்தார், இருவரும் திண்ணையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் நோட்டில் அந்த வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.